11 வருடம் கூட இருந்தவர் தனிப் பட்டறை போட்டுவிட்டார், அப்பாவின் துவைச்சல் நோட்டும் படமாக அவரிடம் இருக்கிறது. சட்டத்தில் வழி உண்டா?

பட்டறைப்பிள்ளை (சுங்கை சிப்புட், மலேசியா) எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமான விஷயம், பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

அப்பா இங்கே இரும்புப் பட்டறை வைத்திருக்கிறார். செம்பனைக் குலை வெட்டும் அரிவாள்தான் எங்கள் தொழில், பழைய லோரி ஸ்பிரிங் பட்டையை வெட்டி, காய்ச்சி, அடித்து, வளைத்துச் செய்வது. கடையில் இறக்குமதி அரிவாள் எங்களுடையதைவிட மலிவாகக் கிடைக்கும்போதும் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் குலை வெட்டுகிறவர்கள் எங்களைத் தேடி வருவதற்குக் காரணம் ஒன்றுதான்: முனை சீக்கிரம் மழுங்காது, மட்டையில் ஓங்கி இழுத்தாலும் பல் விழாது. அந்தத் துவைச்சல், அதாவது காய்ச்சிய இரும்பை எண்ணெயில் முக்கி உறுதியாக்கும் முறை, அப்பா 30 வருடமாக அடித்துப் பார்த்து, உடைத்துப் பார்த்து, மறுபடி அடித்துக் கண்டுபிடித்தது. எந்த எண்ணெய், எவ்வளவு சூடு, எத்தனை எண்ணிக்கை வரை முக்கி வைப்பது எல்லாம் ஒரு நீல அட்டை நோட்டில் இருக்கிறது.

எங்களிடம் 11 வருடம் வேலை செய்த ஒருவர் தீபாவளி முடிந்ததும் நின்றுவிட்டார். இப்போது 15 நிமிட தூரத்தில் புதுக்கிராமம் ஒன்றில் சொந்தப் பட்டறை. அதே வளைவு, அதே கனம், எங்களைவிட 5 வெள்ளி (ரிங்கிட்) குறைவு. எங்களிடம் அரிவாள் வாங்கும் கன்ட்ரேக்டர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் விலை அனுப்புகிறார். போவதற்கு முன்னால் நோட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்ததைப் பார்த்ததாக இன்னொரு பையன் இப்போதுதான் சொல்கிறான்.

அவர் கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்று என்னிடம் இருக்கிறது. நான்தான் இணையத்தில் எடுத்து ஆங்கிலத்தில் அடித்தது. வேலையை விட்ட பிறகு 2 வருடத்துக்குப் பேராக் மாநிலத்தில் இதே தொழில் செய்யக்கூடாது என்று இருக்கிறது. இதை வைத்து அவர் பட்டறையை மூட வைக்க முடியுமா? போலிஸில் புகார் கொடுக்கலாமா? அப்பா வெளியே காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

குலைவெட்டி எழுதியது:

தம்பி, உங்கள் அப்பாவின் அரிவாளை நான் பிடித்திருக்கிறேன் என்றுதான் நினைக்கிறேன், காம்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளிக் குறி இருக்குமே, அதுவா? உயர்ந்த மரத்தில் கம்பை நீட்டி இழுக்கும்போது அரிவாள் காலை வாரினால் அன்றைய கூலியில் பாதி போய்விடும். அதனால் அதன் அருமை எனக்குத் தெரியும்.

இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். 11 வருடம் உலைக்கு முன்னால் நின்றவனுக்கு வேறு என்ன தொழில் தெரியும்? அவனை 2 வருடம் சும்மா இருக்கச் சொன்னால் அவன் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்?

ஈப்போகுமாஸ்தா எழுதியது:

நான் வக்கீல் இல்லை, வக்கீல் ஆபீசில் 22 வருடமாகக் குமாஸ்தா. இந்த மாதிரிக் கோப்புகள் நிறையப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், முடிவாக எதையும் செய்வதற்கு முன் வக்கீலைப் பாருங்கள்.

முதலில் அந்த 2 வருடக் கடிதம். அதை மறந்துவிடுங்கள். நம் நாட்டு ஒப்பந்தச் சட்டம் 1950, பிரிவு 28, ஒருவர் சட்டப்படியான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. விதிவிலக்குகள் சிலதான்: கடையை நற்பெயரோடு விற்றவர், கூட்டாளிகள் தங்களுக்குள் செய்துகொள்வது, அந்த மாதிரி. வேலையை விட்டுப் போன தொழிலாளி அதில் வரமாட்டார். இங்கிலாந்திலும் சிங்கப்பூரிலும் 'தடை நியாயமான அளவில் இருக்கிறதா' என்று கோர்ட் பார்க்கும். இங்கே அந்தக் கேள்விக்கே இடமில்லை, 2 வருடம் என்றாலும் 2 மாதம் என்றாலும் ஒன்றுதான். இணையத்தில் கிடைப்பது பெரும்பாலும் அந்த நாட்டுக் கடிதம், அதனால்தான் இத்தனை முதலாளிகள் ஏமாந்து போகிறார்கள். குலைவெட்டி அண்ணன் கேட்டதற்குச் சட்டமே அவர் பக்கம் நின்று பதில் சொல்லிவிட்டது. வேலையில் இருக்கும்போதே போட்டியாகத் தொழில் செய்யாதே என்று சொல்லலாம், அது வேறு.

அதனால் எல்லாம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஆளைத் தடுக்க முடியாது, ரகசியத்தைத் தடுக்கலாம். மலேசியாவில் வணிக ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் கிடையாது. பேட்டண்டுக்கு 1983-ஆம் வருடச் சட்டம், காப்புரிமைக்கு (காப்பிரைட்) 1987, வணிக முத்திரைக்கு 2019 என்று ஒவ்வொன்றுக்கும் இருக்கிறது, இதற்கு மட்டும் இல்லை. ஆனால் 1956-ஆம் வருடச் சிவில் சட்டத்தின் 3-ஆவது பிரிவு வழியாக ஆங்கிலேயப் பொதுச் சட்டமும் நியாய முறையும் இங்கே செல்லும், அதிலிருந்து வந்ததுதான் நம்பிக்கை மீறல் வழக்கு, அதாவது நம்பிச் சொன்ன ரகசியத்தைத் தவறாகப் பயன்படுத்தியதற்குப் போடும் வழக்கு. இங்கிலாந்தில் 1969-இல் வெளியான கோகோ எதிர் கிளார்க் தீர்ப்பு மூன்று கேள்வி கேட்டது, நம் கோர்ட்டுகளும் அதையேதான் கேட்கின்றன. விஷயம் உண்மையிலேயே ரகசியத் தன்மை கொண்டதா? ரகசியமாக வைக்க வேண்டும் என்று புரியும்படியான சூழலில் அது அவரிடம் கொடுக்கப்பட்டதா? அனுமதி இல்லாமல் அதைப் பயன்படுத்தி உங்களுக்குக் கெடுதல் செய்தாரா? மூன்றுக்கும் ஆம் என்று நீங்கள்தான் காட்ட வேண்டும்.

எழுத்தில் எதுவும் இல்லாவிட்டாலும் முதலாளிக்கு உண்மையாக இருக்கும் கடமை எந்த வேலைக்கும் உள்ளடங்கியது. ஆனால் வேலையை விட்ட பிறகு அந்தக் கடமை சுருங்கிவிடும், உண்மையான ரகசியத்தை மட்டும்தான் காக்கும்.

போலிஸ் வழி இதில் பெரும்பாலும் உதவாது, இது சிவில் விஷயம். நோட்டையே தூக்கிக்கொண்டு போயிருந்தால் திருட்டு. ஆபீஸ் கணினிக்குள் அனுமதியில்லாமல் நுழைந்திருந்தால் 1997-ஆம் வருடக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. கைப்பேசியில் படம் எடுத்ததற்கு வக்கீல் கடிதம்தான் முதல் படி.

இனி நான் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். அந்த நோட்டு எங்கே இருந்தது? யார் யாருக்குக் கை எட்டும்?

பட்டறைப்பிள்ளை எழுதியது:

மிக்க நன்றி அண்ணே. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நோட்டு உலைக்குப் பக்கத்தில், சாமிப் படத்துக்குக் கீழே பலகையில் இருக்கும். பூட்டு எதுவும் இல்லை. ரகசியம் என்று அப்பா யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் முக்கும் நேரத்தில் வெளியாள் யாராவது நின்றால் பேச்சை நிறுத்திவிடுவார், அவர் போகும்வரை பட்டையை உலையிலேயே வைத்திருப்பார்.

எண்ணெய் விஷயம் எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன், அப்பா பயன்படுத்துவது

(இதற்குப் பிறகுள்ள 6 வரிகளை எழுதியவரே நீக்கிவிட்டார்)

ஈப்போகுமாஸ்தா எழுதியது:

தம்பி, உடனே அந்தப் பதிவைத் திருத்துங்கள். எண்ணெய்க் கலவையை எல்லாரும் பார்க்கும் இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ரகசியம் ஊருக்குத் தெரிந்துவிட்டால் கோர்ட்டால் அதைத் திரும்ப ரகசியமாக்க முடியாது, முதல் கேள்வியிலேயே வழக்கு விழுந்துவிடும். படித்தவர்கள் தயவுசெய்து எடுத்துப் போடாதீர்கள், மேற்கோளிலும் வேண்டாம்.

பட்டறைப்பிள்ளை எழுதியது:

நீக்கிவிட்டேன். 4 நிமிடம்தான் இருந்தது. கை நடுங்குகிறது.

மசாலாஅக்கா (பீடோங்) எழுதியது:

தம்பி, பதறாதே. இப்போதாவது தெரிந்ததே.

நான் மீன் குழம்புத் தூள் அரைத்து விற்கிறேன், நானும் 5 பெண்களும். உணவு ஒழுங்குமுறை விதிகள் 1985-இன்படி பொட்டலத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுதியாக வேண்டும். அதனால் மல்லி, மிளகாய், வெந்தயம் என்று ஊருக்கே தெரியும். தெரியாதது எவ்வளவு, எதை எவ்வளவு நேரம் வறுப்பது, எதை வறுக்காமல் போடுவது. என் ரகசியம் அந்த இடத்தில்தான் இருக்கிறது, அதற்கு மட்டும்தான் காவல் போட்டிருக்கிறேன்.

எப்படி என்றால், வறுக்கிறவள் அளக்கமாட்டாள். அளக்கிறவளிடம் பெயர் இல்லாத டப்பாக்கள், 1, 2, 3 என்று எண்தான். இரண்டு டப்பாவை மட்டும் நான் வீட்டிலேயே கலந்து எடுத்து வருவேன். எடை எழுதிய தாள் என் அலமாரியில். வேலைக்குச் சேரும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்குகிறேன், தமிழிலும் மலாயிலும் இருக்கும், நானே வாசித்துக் காட்டுவேன். ஆங்கிலத்தில் 4 பக்கம் நீட்டினால் என்ன புரியும், நாளைக்கு 'எனக்கு யாரும் சொல்லவில்லை' என்பார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது. என் தாளில் 'வேறு இடத்தில் வேலை செய்யாதே' என்ற வரியே கிடையாது. அளவையும் வறுக்கும் முறையையும் வெளியே கொண்டுபோகாதே, படம் எடுக்காதே, விலகும்போது எல்லாத் தாளையும் திருப்பிக் கொடு, அவ்வளவுதான்.

ஒரு பெண் திருமணமாகிப் போய் கூலிமில் இப்போது தூள் விற்கிறாள். நல்ல தூள்தான், என்னுடையது இல்லை. எனக்கு அவள்மேல் வருத்தமே கிடையாது.

எஃகுத்தம்பி (பினாங்கு) எழுதியது:

தொழிற்சாலையில் உலோகப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். ஒரு விஷயம் யாரும் இன்னும் சொல்லவில்லை.

உங்கள் அரிவாளை யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கி, வெட்டி, சோதித்துப் பார்க்கலாம். கடினத்தை அளக்கும் இயந்திரத்தில் வைத்தால் சில நிமிடத்தில் எண் வந்துவிடும், வேறொரு சோதனையில் எஃகில் என்னென்ன கலந்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். காசு கொடுத்து வாங்கிய பொருளைப் பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொள்வது நம்பிக்கை மீறல் ஆகாது. ஆனால் அந்த எண்ணுக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பதை இரும்பு அவ்வளவு சுலபத்தில் சொல்லாது. துவைத்து எடுத்த எஃகு அப்படியே விட்டால் கண்ணாடி மாதிரி உடையும். அதை மறுபடி இளஞ்சூட்டில் காட்டும்போது தேய்த்த பரப்பில் நிறம் ஓடும், 220 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, 300-ஐ நெருங்கும்போது நீலம். அந்த நிறம் எங்கே நிற்க வேண்டும், முனையில் ஒன்று முதுகில் வேறு என்று பிரித்து நிறுத்துவது எப்படி என்பதுதான் உங்கள் அப்பா மாதிரி ஆட்களின் வித்தை. நிறம் பார்ப்பது உலகம் முழுக்க எல்லாக் கொல்லருக்கும் தெரிந்த பொது அறிவு, அதை ரகசியம் என்று சொல்லாதீர்கள். நோட்டில் இருக்கும் குறிப்பிட்ட எண்ணெயும் நேரமும்தான் உங்களுடையது.

பேட்டண்ட் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். பேட்டண்ட் 20 வருடம் காக்கும், ஆனால் செய்முறையை முழுக்க எழுதிக் கொடுக்க வேண்டும், அது வெளியிடப்படும். ரகசியமாக வைத்தால் காலக்கெடு இல்லை. ஆனால் நாளைக்கு இன்னொருவர் தானாகவே முயன்று அதே கலவையைக் கண்டுபிடித்தால் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு சின்னப் பட்டறைக்கு எனக்குத் தெரிந்து ரகசியம்தான் சரி.

பழையதொழிலாளி எழுதியது:

நான் மறுபக்கத்திலிருந்து பேசுகிறேன். ஒரு மரச்சாமான் பட்டறையில் 14 வருடம் இருந்தேன். விலகிய அடுத்த வாரமே முதலாளி கடிதம் காட்டி மிரட்டினார், பயந்துபோய் 8 மாதம் லோரி ஓட்டினேன். செல்லாத கடிதம் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த 8 மாதத்தை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

என் கை பழகிய பழக்கம் என்னுடையது. உங்கள் ஆளுக்கும் அப்படித்தான்: சுத்தியலைப் பிடிக்கும் விதம், சத்தம் கேட்டே பட்டையின் சூட்டைச் சொல்வது, இதையெல்லாம் வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போக முடியாது. ஆனால் படம் எடுத்தது தப்பு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவருக்கு எல்லாமே மனதில் இருந்திருந்தால் படம் எடுக்க வேண்டிய அவசியம் என்ன?

ஈப்போகுமாஸ்தா எழுதியது:

கடைசியாகக் கேட்டீர்களே, அதையேதான் எங்கள் வக்கீலும் கோர்ட்டில் கேட்பார்.

நீங்கள் சொல்லும் வேறுபாட்டுக்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வாடிக்கையாளர் பட்டியல் பற்றிய கேள்விக்கும் அதில் விடை இருக்கிறது. இங்கிலாந்தில் ஃபச்செண்டா சிக்கன் என்று ஒரு கோழி நிறுவனம். அதன் விற்பனை மேலாளர் குளிர்வண்டிகளில் கோழியைக் கடை கடையாகக் கொண்டுபோய் விற்கும் முறையை உருவாக்கியவர். அவர் விலகி, கூட வேலை செய்த சிலரையும் சேர்த்துக்கொண்டு அதே பகுதியில் அதே மாதிரி வண்டி விட்டார். வாடிக்கையாளர் யார், எந்த நாளில் எவ்வளவு வாங்குவார், எந்தப் பாதை, என்ன விலை, எல்லாம் மனதில் இருந்தது. நிறுவனம் வழக்குப் போட்டுத் தோற்றது, மேல்முறையீட்டிலும் தோற்றது. வேலை செய்யும்போது இயல்பாகவே மனதில் பதிந்து திறமையின் பகுதியாகிவிட்டதை, விலகிய பிறகு பயன்படுத்தத் தடை இல்லை, வணிக ரகசியம் என்ற அளவுக்கு உயர்ந்ததற்கு மட்டும்தான் தடை என்றார்கள்.

நம் ஊரில் 1997-இல் ஷ்மிட் சயன்டிஃபிக் வழக்கில் உயர்நீதிமன்றம், வாடிக்கையாளர் விவரமும் விலை விவரமும் சூழ்நிலையைப் பொறுத்து ரகசியமாகலாம் என்று பார்த்தது. ஆக உங்கள் கன்ட்ரேக்டர் பட்டியல் எந்தப் பக்கம் விழும் என்பது அது எப்படி இருந்தது என்பதைப் பொறுத்தது. சுங்கை சிப்புட் சந்தையில் நின்றால் எல்லாக் கன்ட்ரேக்டரையும் பார்த்துவிடலாம், பெயரில் ரகசியம் இல்லை. யாருக்கு என்ன விலை, யாருக்கு எத்தனை நாள் கடன் என்று எழுதி வைத்திருந்து அதையும் படம் எடுத்திருந்தால் வலு உண்டு.

நோட்டுக்கு வருகிறேன். திறந்த பலகையில் இருந்தது பலவீனம்தான், மறைக்காமல் சொல்கிறேன். எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் பிடிக்கும். ரகசியமாக வைக்க நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும் என்பது அறிவுசார் சொத்து பற்றிய உலக வணிக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தத்தின் 39-ஆவது விதியிலும் இருக்கிறது. ஆனால் வெளியாள் வந்தால் அப்பா வேலையை நிறுத்திவிடுவார் என்றீர்களே, அது சாதாரண விஷயம் இல்லை. 11 வருடம் அதைப் பார்த்தவருக்கு இது ரகசியம் என்று புரியாமல் இருக்குமா? இரண்டாவது கேள்விக்கு அதுதான் பதில். அதையும், அந்தப் பையன் பார்த்ததையும், நாள் கிழமையோடு இன்றைக்கே எழுதி வையுங்கள்.

கோர்ட் தரக்கூடியவை: பயன்படுத்தத் தடையுத்தரவு, நஷ்டஈடு அல்லது அவர் சம்பாதித்த லாபத்தின் கணக்கு, படங்களையும் நகல்களையும் ஒப்படைக்கும் உத்தரவு. முன்னறிவிப்பு இல்லாமல் போய்ச் சோதித்து ஆவணங்களை எடுக்கும் ஆன்டன் பில்லர் உத்தரவும் உண்டு, ஆனால் அது கடுமையானது, ஆதாரத்தை அழித்துவிடுவார் என்று பலமாகக் காட்டினால்தான் கிடைக்கும், செலவும் அதிகம். இடைக்காலத் தடை கேட்டால், பிறகு வழக்கில் தோற்றால் அவருக்கு ஏற்பட்ட நஷ்டத்தைக் கட்டுவேன் என்று நீங்கள் உறுதி கொடுக்க வேண்டும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தாமதித்தாலும் தடை கிடைப்பது கஷ்டம், 'அவ்வளவு அவசரம் என்றால் இத்தனை மாதம் என்ன செய்தீர்கள்' என்பார்கள். 1 மில்லியன் வெள்ளிக்குள் என்றால் செஷன்ஸ் கோர்ட்டிலேயே நஷ்டஈடு கேட்கலாம்.

என் யோசனை, முதலில் கடிதம். பட்டறையை மூடு என்று எழுதாதீர்கள். படங்களை ஒப்படை, நோட்டில் உள்ளதைப் பயன்படுத்தாதே, அவ்வளவுதான் கேளுங்கள்.

ஓய்வாசிரியர் (கோலகங்சார்) எழுதியது:

இதையெல்லாம் படிக்கும்போது எங்கள் ஊர் ரப்பர் மரம்தான் நினைவுக்கு வருகிறது. 1876-இல் விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். அதில் முளைத்த கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்தன, சில கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தக் காலத்து மரம் ஒன்று இன்னும் நிற்கிறது, போகிறவர்கள் நின்று பார்ப்பதுகூட இல்லை. பிறகு சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்து, கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் சொல்லிக்கொடுத்தார், விதையையும் கொடுத்தார். அதை அவர் மூடி வைத்திருந்தால் இந்தத் தோட்டங்களே இத்தனை சீக்கிரம் வந்திருக்காது, நம் தாத்தாக்கள் கப்பல் ஏறியும் இருக்கமாட்டார்கள்.

அதற்காக உங்கள் அப்பா நோட்டை ஊருக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ரிட்லி சம்பளம் வாங்கிய அதிகாரி, உங்கள் அப்பாவுக்கு அந்த நோட்டுதான் சோறு. கொடுப்பதா வேண்டாமா என்று கண்டுபிடித்தவர்தான் முடிவு செய்ய வேண்டும், அதைத்தான் அந்தத் தொழிலாளி அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்.

பட்டறைப்பிள்ளை எழுதியது:

5 வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள்.

ஈப்போவில் வக்கீலைப் பார்த்தோம். குமாஸ்தா அண்ணன் சொன்னதையே அவரும் சொன்னார். கடிதம் போனது. பத்தாவது நாள் அவர் மனைவியோடு வீட்டுக்கே வந்தார். அப்பா வாசலில் வைத்துப் பேசவில்லை, உள்ளே கூப்பிட்டார், அம்மா தேநீர் கொடுத்தார். அவர் கைப்பேசியை எடுத்து மேசைமேல் வைத்தார். 23 படங்கள். நோட்டு 19, கடன் புத்தகம் 4. வக்கீல் சொன்னபடி முதலில் ஒரு பிரதி வக்கீலிடம் போனது, பிறகுதான் அவருடைய கைப்பேசியிலிருந்து அழித்தோம். பயன்படுத்தமாட்டேன், யாருக்கும் கொடுக்கவில்லை என்று உறுதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வக்கீல் செலவில் ஒரு பகுதியைத் தவணையில் கட்டுகிறார். பட்டறை நடக்கட்டும் என்று அப்பாவே சொல்லிவிட்டார். போகும்போது அவர் அப்பாவின் காலைத் தொட்டார், அப்பா ஒன்றும் சொல்லவில்லை, தோளைப் பிடித்துத் தூக்கினார்.

அவருடைய புது அரிவாள் ஒன்றை வாங்கிப் பார்த்தேன். வேறு எண்ணெய்தான், முதுகில் நிறமே வேறாக ஓடியிருக்கிறது. குலைவெட்டி அண்ணன் பிடித்துப் பார்த்தால் சொல்வார்.

நோட்டு இப்போது இரும்பு அலமாரியில். சாவி இரண்டு, ஒன்று அப்பாவிடம், ஒன்று என்னிடம். திங்கட்கிழமை புதுப் பையன் வேலைக்கு வருகிறான். மசாலாஅக்கா சொன்ன மாதிரி ஒரு பக்கத்தில், தமிழிலும் மலாயிலும், கடிதம் அடித்திருக்கிறேன். எவை ரகசியம் என்று அதிலேயே வரிசையாக எழுதிவிட்டேன். அண்ணே, ஒருமுறை பார்த்துச் சொல்ல முடியுமா? இங்கேயே போடட்டுமா?

ஈப்போகுமாஸ்தா எழுதியது:

இங்கே வேண்டாம் தம்பி, தனிச் செய்தியில் அனுப்புங்கள். ரகசியம் எவை என்ற வரிசையில் பெயர் மட்டும் இருக்கட்டும், 'எண்ணெய்க் கலவை', 'முக்கும் நேரம்' என்று. கலவையையும் நேரத்தையும் அதில் எழுதாதீர்கள்.